இரண்டு 'கேஷ்', ஒரு காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சென்ற ஞாயிறு மலரில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பட்டியலிட்ட பெட்டிச் செய்தியில், கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக, ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல்லும் நம் காசிலிருந்தே பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். முதல் மூன்றிலும் எனக்கு மறுப்பில்லை. நான்காவதில், வங்கியில் முப்பது ஆண்டுகள் நோட்டு எண்ணிய பழக்கத்தால், கணக்கு இடிப்பது கண்ணில் பட்டுவிட்டது.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் கொண்ட 'கேஷ்'கள் இரண்டு இருக்கின்றன. நல்ல அகராதிகள் அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. கையில் உள்ள பணத்தைக் குறிக்கும் முதல் 'கேஷ்' தொடக்கத்தில் பணத்தையே குறிக்கவில்லை, பணம் வைக்கும் பெட்டியைத்தான் குறித்தது. பெட்டி என்னும் பொருளுடைய 'கேப்ஸா' என்ற லத்தீன் சொல் இத்தாலியில் 'காஸா' என்றும் பிரான்சில் 'கேஸ்' என்றும் திரிந்து, 1590-களில் ஆங்கிலத்தில் ஏறியது. 1598-இல் வெளிவந்த ஜான் புளோரியோவின் இத்தாலிய-ஆங்கில அகராதி, வணிகரின் பணப்பெட்டியைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லை ஆள்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்ததே 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான். சென்னையில் கோட்டை எழும்ப அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆங்கில வணிகர் நம் கரையில் காலூன்றும் முன்பே அவர்கள் ஊர்ப் பெட்டிக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

பெட்டியின் பெயர் எப்படிப் பணத்தின் பெயராகும் என்று கேட்பவர்கள் நம் கடைத்தெருவுக்குப் போனால் போதும். கல்லா என்பது முதலாளியின் முன்னால் இருக்கும் பெட்டி. ஆனால் தீபாவளிக்கு நன்றாகக் கல்லா கட்டினார் என்றால், தச்சரை வைத்துப் பெட்டி செய்தார் என்று யாரும் பொருள் கொள்வதில்லை.

இரண்டாவது 'கேஷ்' நம்முடையது. தென்னிந்தியாவிலும் அதற்குக் கிழக்கிலும் புழங்கிய சிறு நாணயங்களை ஐரோப்பியர் அழைத்த பெயர் அது. காசு என்பதைப் போர்த்துகீசியர் 'கைஷா' ஆக்கினர். அதிலிருந்து ஆங்கிலேயர் 'கேஷ்' ஆக்கினர். 1886-இல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்த வழியையே காட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்த்துகீசிய மொழியில் 'கைஷா' என்றால் பெட்டி; அதுவும் அந்தப் பழைய லத்தீன் சொல்லின் வழித்தோன்றல்தான். பழக்கமில்லாத காசு என்ற ஒலியைத் தங்களுக்குப் பழக்கமான பெட்டியின் பெயருக்குள்ளேயே அவர்கள் போட்டு அடைத்துவிட்டார்கள் போலும். இன்றைய குழப்பத்துக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

இந்த இரண்டாம் 'கேஷ்' அச்சேறிய நாணயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1808-ஆம் ஆண்டிட்ட செப்புக்காசு. பர்மிங்காமில் இருந்த சோஹோ ஆலையில் சென்னை மாகாணத்துக்காக அடிக்கப்பட்டது. இத்தகைய காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் காசுகளை மேலே எடுத்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்க முத்திரை. மறுபக்கம், இருபது காஸ் நான்கு பலூஸ் (செப்பு நாணயம்) ஆகும் என்று பாரசீக எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே ரோமன் எண்ணில் இருபதும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பதும் இருக்கின்றன. ஒரே முகத்தில் இரண்டு எழுத்துகளில் நம் சொல் நிற்கிறது, தமிழ் எழுத்து மட்டும் இல்லை. அந்நாளில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. சென்னையில் 1818-இல் ரூபாய்க் கணக்கு வந்த பின்னும் திருவிதாங்கூரில் காசு தொடர்ந்தது: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். சதுர ஓட்டையுள்ள சீனச் செப்பு நாணயத்தையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே எழுதினார்கள் என்பதைப் பார்த்தால், இந்தச் சொல் எவ்வளவு தூரம் பயணம் போனது என்பது விளங்கும்.

காசின் பழமைக்கோ வெளியார் சான்று தேவையில்லை. கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தை, புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 67-ஆம் பாட்டு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசுக் கணக்கு நிறைந்து கிடக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கும் காசு ஒரு வாய்பாடு. குற்றம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பது உங்கள் பெட்டிச் செய்தியைப் படித்தபோது நினைவுக்கு வந்தது, மன்னிக்கவும்.

'கேஷியர்' பற்றியும் ஒரு சொல். பணம் எண்ணும் 'கேஷியர்' மேலே சொன்ன பெட்டியின் வழி வந்தவர். அதே எழுத்துகளை வினையாக்கினால், படை அதிகாரியை அவமதிப்போடு பணிநீக்கம் செய்வது என்று பொருள். அது டச்சு மொழி வழியாக வந்த வேறொரு சொல். பெட்டிக்கும் அதற்கும் உறவே இல்லை. பணியில் சேர்ந்த புதிதில் அகராதியில் இதைப் பார்த்துவிட்டு நான் சற்று நேரம் திகைத்ததுண்டு. முந்திரிக்கான 'கேஷ்யூ' என்ற ஆங்கிலப் பெயர் 'காசுக்கு எட்டு' என்று கூவி விற்றதால் வந்தது என்ற கதையும் அவ்வப்போது உலவுகிறது. அது பிரேசிலின் துபி மொழிச் சொல். மரத்தோடு சேர்த்துப் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அடுத்த வாரப் பெட்டிச் செய்தியில் அதுவும் இடம்பெற்றுவிடக் கூடாதே என்று முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஆகவே, பட்டியலிலிருந்து 'கேஷ்' என்பதை நீக்கச் சொல்லவில்லை. 'ரொக்கப் பணம்' என்ற விளக்கத்தை எடுத்துவிட்டு, 'கீழை நாடுகளின் சிறு செப்பு நாணயம்' என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.