பரிசுத் தொகைக்கு முன் கட்டணக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிப்டோ தளங்கள் நடத்தும் டிரேடிங் போட்டிகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் பரிசுத் தொகையும் சேரும் முறையும் தெளிவாக இருந்தன. போட்டியில் நீடிக்கவே எவ்வளவு செலவாகும் என்ற கணக்குதான் இல்லை.

பல போட்டிகளில் லீடர்போர்டு (தரவரிசைப் பட்டியல்) லாபத்தைப் பார்ப்பதில்லை, வால்யூமைத்தான் பார்க்கிறது. வாங்கியதும் விற்றதும் சேர்ந்தது வால்யூம். 20,000 ரூபாய் முதலீட்டில் 10 மடங்கு லெவரேஜ் (கையிலுள்ளதைவிடப் பெரிய தொகைக்கு வியாபாரம் செய்யும் வசதி) வைத்து ஃபியூச்சர்ஸ் (நாணயத்தை வாங்காமல் அதன் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்) எடுத்தால் பொசிஷன், அதாவது எடுத்த வியாபாரத்தின் அளவு, 2 லட்சம். திறந்து மூடினால் 4 லட்சம் வால்யூம். 1 கோடியைத் தொட 25 முறை இப்படிச் செய்யவேண்டும். கட்டணம் 0.05 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 900. விலை இம்மியும் நகராவிட்டாலும் 20,000-ல் 5,900 போய்விட்டது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும், பொசிஷனை வைத்திருந்தால் வரும் ஃபண்டிங்கும் (வியாபாரிகளுக்குள் அவ்வப்போது கைமாறும் தொகை) இதில் சேரவில்லை.

வரவு எவ்வளவு? 10 லட்சம் பரிசை வால்யூம் விகிதத்தில் பிரிப்பதாகவும், எல்லாரும் சேர்ந்து 500 கோடிக்கு வியாபாரம் செய்ததாகவும் கொள்ளுங்கள். 1 கோடி செய்தவருக்கு 2,000 ரூபாய் வரும். தளத்துக்கு வரும் கட்டணம் 25 லட்சம். ஆள் சேரச்சேர ஒருவர் பங்கு சுருங்கும், கட்டிய கட்டணம் மட்டும் அப்படியே நிற்கும்.

ஸ்பாட் (நாணயத்தையே நேரடியாக வாங்கி விற்கும்) போட்டியென்றால் வரியும் கழுத்தைப் பிடிக்கும். 2022 ஜூலை முதல் கிரிப்டோ விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். அதே முதலைச் சுழற்றிச் சுழற்றி மொத்தம் 10 லட்சத்துக்கு விற்றால் 10,000 ரூபாய் பிடித்தமாகி, வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்வரை முடங்கிக் கிடக்கும். லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது.

சதவீத லாபத்தை வைத்து வரிசைப்படுத்தும் போட்டிகளில் கோளாறு வேறு. 50 மடங்கு லெவரேஜில் விலை 2 சதவீதம் எதிராகப் போனாலே முதல் முழுவதும் காலி. தளமே பொசிஷனை மூடிவிடும் லிக்விடேஷன் அதற்கும் சற்று முன்பே வந்துவிடும். முதல் பத்து இடங்களுக்குத்தான் பரிசு என்கிறபோது நிதானமாக ஆடுபவருக்கு அங்கே இடமில்லை. சிறு தொகையை முழுதாகப் பணயம் வைப்பவரே மேலே வருவார், அப்படி வைத்து அழிந்த மற்றவர்கள் பட்டியலில் தெரிய மாட்டார்கள். 1987-ல் லாரி வில்லியம்ஸ் உலகக் கோப்பை ஃபியூச்சர்ஸ் போட்டியில் 10,000 டாலரை ஓராண்டில் 11 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார். நடுவில் 20 லட்சத்தைத் தாண்டிய அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே சரிந்து, பிறகுதான் மீண்டது. இறுதி வரிசையில் அந்தச் சரிவு தெரியாது.

இரண்டு கணக்கு திறந்து ஒன்றில் லாங் (விலை ஏறும் என்று), மற்றதில் ஷார்ட் (இறங்கும் என்று) போடுபவர்களும் உண்டு. ஏதாவது ஒன்று மேலே ஏறியே தீரும். 'ஒருவருக்கு ஒரு கணக்கு' என்ற விதி இதனால்தான். ஒரே வீட்டு இணைய இணைப்பில் இரண்டு பேர் கலந்துகொண்டாலும் சந்தேகத்தில் சிக்கலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது போட்டி முடிந்த பிறகு நடப்பது. பட்டியலில் மேலே நின்றவரைக் காப்பி டிரேடிங்கில் (ஒருவர் செய்யும் வியாபாரத்தை அப்படியே நம் கணக்கிலும் நகலெடுக்கும் வசதி) பின்தொடர ஆட்கள் வருகிறார்கள். அவர் பணயம் வைத்தது சில ஆயிரம். பின்தொடர்பவர் கொண்டுவருவது சேமிப்பு. லாபத்தில் பங்கு வாங்கும் முன்னவர், நஷ்டத்தில் பங்கு ஏற்பதில்லை.

பங்குச்சந்தை சார்ந்த இத்தகைய லீக், போட்டிகள் குறித்து, சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2016 ஆகஸ்டிலும் 2024 நவம்பரிலும் மக்களை எச்சரித்தது. போட்டியே இல்லாத பங்கு எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) சந்தையிலும் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டதாக அதன் ஆய்வு சொல்கிறது. கிரிப்டோ செபியின் கீழ் இல்லை. தளங்கள் விளம்பரப்படுத்தும் எஃப்ஐயு (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவு கறுப்புப் பணத் தடுப்புக்கானது, முதலீட்டாளர் பாதுகாப்புக்கானது அல்ல.

இனி இப்படிக் கட்டுரை வெளியிட்டால் ஒரு பெட்டிச் செய்தியும் சேருங்கள்: லீடர்போர்டு எதை அளக்கிறது, மூடாத பொசிஷனின் லாபநஷ்டம் சேருமா, பரிசு ரொக்கமா, கட்டணத்தில் மட்டும் கழிக்கக்கூடிய வவுச்சரா, அது எத்தனை நாளில் காலாவதியாகும், அறிவித்த முழுத் தொகை கிடைக்க எத்தனை பேர் சேர வேண்டும், முடிவு நேரம் யுடிசியா (உலகப் பொது நேரம்)? யுடிசி நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30 மணி.

இப்படிக்கு,
வாசகர், கோவை