பொதுக்குழுவுக்குப் பிறகு மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதை நீ பார்த்துவிட்டதாகப் போன் காட்டுகிறது, பதில்தான் வரவில்லை. வேலை இருக்கும். அம்மாவிடம் பேசுகிறாய், அது போதும்.

நம் கராத்தே சங்கத்தின் பொதுக்குழு பற்றி எழுதப் போவதில்லை. பெரியவர் பேசுகிற விதம் உனக்குத் தெரியாததா. ஒன்று மட்டும் சொல்கிறேன், யார் என்ன காகிதத்தை நீட்டினாலும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதே. வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படி.

1957-ல் ஷோட்டோகான் கராத்தேயைத் தொடங்கிய ஃபுனாகோஷி இறந்தபோது இறுதிச்சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே அவருடைய மாணவர்கள் இரண்டு பக்கமாக நின்றார்கள். 1987-ல் தலைமைப் பயிற்சியாளர் நகயாமா இறந்த பிறகு ஜப்பான் கராத்தே சங்கம் பிளந்து, வழக்கு 1999 வரை இழுத்தது. எல்லாம் நம்மைவிடப் பெரிய ஆட்கள். பிரிந்து போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும், உனக்கும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலக கராத்தே சம்மேளனம் ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் சேர்த்துக்கொள்ளும். நாங்கள்தான் அந்தச் சங்கம் என்று இரண்டு பேர் நின்றால், ஜூனியர் பிரிவில் இருக்கிற பிள்ளைக்குத்தான் உலகப் போட்டி கைவிட்டுப் போகும், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு வயது தாண்டிவிடும்.

ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று நான்கு பாணிக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க எத்தனை வருஷம் ஆனது என்பதை வீட்டில் இருந்து பார்த்தவள் நீ. ஒருவருடைய கட்டாவில், அதாவது வரிசைப்படி தனியாகச் செய்து காட்டும் அசைவுகளில், சரியான நிலை இன்னொருவருக்குத் தப்பு. பெல்ட் தேர்வான கிரேடிங்கில் யார் தேர்வாளர், சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து, பாதிச் சண்டை இதற்குத்தான். அவர்கள் என் பேச்சை நம்பி வரவில்லை. கட்டா இறுதிச் சுற்றில் நீ தோற்ற அன்றைக்கு வந்தார்கள். நீ சிவப்புப் பக்கம், நான் நடுவர் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நடுவர்கள் தூக்கிய ஐந்து கொடிகளில் மூன்று நீலம். நடுவர்களுக்கு வணங்கினாய், எதிரில் நின்ற பெண்ணுக்கும் வணங்கினாய், பாயைவிட்டு இறங்குகிற வரைக்கும் முகம் மாறவே இல்லை. தலைவர் மகளே இங்கே தோற்க முடிகிறது என்றால் எங்கள் பிள்ளைகளைத் தாராளமாக அனுப்பலாம் என்று ஷிட்டோ ரியூ மாமா அன்று சாயங்காலமே சொன்னார். இந்தச் சங்கத்துக்கு நான் செய்த எதையும்விட அது பெரிது.

அப்படிப்பட்ட நீ, கருப்பு பெல்ட் தரங்களை எழுதி வைக்கிற டான் பதிவேடு எங்கே இருக்கிறது என்று செயலாளரிடம் கேட்டாயாமே. என்னிடமே கேட்டிருக்கலாமே, அம்மா. அலுவலக அலமாரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கருப்பு பெல்ட்டுக்கும் எண், தேதி, தேர்வாளர்கள் கையெழுத்து எல்லாம் அதில்தான். உனக்கு நகல் வேண்டுமானால் எடுத்துக்கொள், மூலப் பதிவேடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேறு நாட்டுக்குப் போய் ஒரு டோஜோவில், பயிற்சிக்கூடத்தில், சேர்ந்தால், என் பெல்ட் உண்மையானது என்று காட்ட அதைத் தவிர வேறெதுவும் கிடையாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை என்றானதும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போதும் பயிற்சி முகாமை ஒரு வருஷம்கூட விடாமல் நடத்தியவள் நீ. கூட்டத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. நான் சொல்வதற்கு எழுந்தேன், அதற்குள் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். கொஞ்சம் இருந்திருக்கலாம்.

சரி, அடுத்த டான் கிரேடிங்குக்குத் தேர்வாளர் பட்டியலில் உன் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். எனக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவிடமாவது எந்தத் தேதி உனக்கு வசதி என்று சொல்லிவிடு, ஹாலுக்கு முன்பணம் கட்ட வேண்டும். முட்டியை டாக்டரிடம் காட்டு, கட்டுப் போட்டுக்கொண்டே வகுப்பு எடுக்காதே. அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அப்பா