அந்தப் பையன் சொன்ன கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

நேற்று போனில் நீ பேசியதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வாய் வார்த்தையில் எனக்கு நிதானம் வராது. 17 வருடம் சிக்னல் படையில் செய்தியை எழுதி, சரிபார்த்து, பிறகு அனுப்பியே பழகிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பதினெட்டுப் பேர் கொண்ட பிரிவுக்கு நீ பொறுப்பேற்று இரண்டு மாதம் ஆகவில்லை. நீ போட்ட வேலை அட்டவணையைக் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது, சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையாத ஒரு பையன் எழுந்து, "இப்படிப் போனால் கடைசி வாரத்தில் மூன்று வேலையும் ஒன்றாக வந்து விழும்" என்றான். நீ அவனை உட்காரச் சொல்லிவிட்டாய். பத்து நிமிடம் என்னிடம் பொருமினாய். அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசலாமா, ஒரு மரியாதை வேண்டாமா, தனியாக வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று எல்லாம் சொன்னாய். அவன் சொன்ன கணக்கு சரியா, தவறா என்று மட்டும் நீ சொல்லவே இல்லை. போனை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இரவு தூக்கம் வரவில்லை.

உன் பழைய மேலாளரைப் பற்றி மூன்று வருடம் நீ புலம்பியதை எல்லாம் கேட்டிருக்கிறேன். "மூளையே இல்லாத மனுஷன்" என்பாய். அப்போது நான் மறுத்துப் பேசவில்லை. இப்போது சொல்கிறேன், அவருக்கு மூளை இருந்திருக்கும். என் அனுபவத்தில் மகா முட்டாள்தனமான ஆணைகளைப் போட்டவர்களில் பாதிப் பேர் கெட்டிக்காரர்கள்தான். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று சுற்றியிருந்தவர்கள் நம்பியதே பல இடங்களில் வினையாக முடிந்திருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒருவர் சொன்ன கதை இது. பிறகு நானே தேடிப் பிடித்துப் படித்தேன். 1893 ஜூன் 22. பிரிட்டனின் மத்தியதரைக் கடற்படை, இன்றைய லெபனானின் திரிப்போலி துறைமுகத்துக்கு அருகே இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தலைமை தாங்கியவர் சர் ஜார்ஜ் ட்ரையன். அந்தக் காலத்தில் கப்பல்களை நகர்த்தும் வித்தையில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். இரண்டு வரிசையும் ஒன்றை ஒன்று நோக்கி உட்புறமாகத் திரும்பி, வந்த திசைக்கே போக வேண்டும் என்பது அவர் திட்டம். வரிசைகளுக்கு நடுவே 6 கேபிள், அதாவது 1,200 கஜம் இடைவெளி. ஒரு கப்பல் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 800 கஜம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 1,600. பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு.

அந்தக் கணக்கு அங்கே இருந்த அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது. கப்பலின் வழிகாட்டி அதிகாரி, 8 கேபிளாவது வேண்டும் என்று சொன்னார். ட்ரையன் ஒப்புக்கொண்டார். மற்றக் கப்பல்களுக்கு ஆணை கொடிகளால்தான் போகும். சற்று நேரத்தில் கொடிக்கம்பத்தில் ஏறியது 6 தான். ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து ஒருவர் திரும்பப் போய்க் கேட்டார். ஆறாகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மனதில் இருப்பதை விளக்கிச் சொல்லும் வழக்கம் ட்ரையனுக்கு இல்லை. பெரியவர் ஏதோ ஒரு கணக்கு வைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வரிசையின் தலைவர் மார்க்கம். அவருக்குச் சிக்னல் புரியவில்லை. பதில் கொடியைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றாமல் பாதியில் நிறுத்தினார். "எனக்கு விளங்கவில்லை" என்று அதற்குப் பொருள். சிக்னல்காரனுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். அந்த அரைக்கம்பக் கொடி ஒரு கேள்வி, அதற்கு ஒரு விளக்கம் போதும், எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். ட்ரையன் கேட்டதோ, "எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று. அத்தனை கப்பல்களுக்கும் முன்னால் கேட்ட கேள்வி அது. மார்க்கம் கொடியை முழுதாக ஏற்றிவிட்டார்.

இரண்டு கப்பலும் திரும்பின. ட்ரையனின் பக்கத்தில் நின்ற கப்பல் தலைவர், பின்னோக்கி இயக்கலாமா என்று திரும்பத் திரும்ப அனுமதி கேட்டார். அனுமதி கேட்டுக்கொண்டேதான் இருந்தார். மார்க்கத்தின் கேம்பர்டவுன் கப்பல், ட்ரையனின் விக்டோரியாவை இடித்துக் கிழித்தது. 13 நிமிடத்தில் விக்டோரியா மூழ்கியது. 358 பேர் இறந்தார்கள். எல்லாம் என் தவறுதான் என்று சொன்ன ட்ரையனும் அதில் ஒருவர். அன்று போர் கிடையாது, புயல் கிடையாது, பட்டப்பகல்.

விசாரணை நீதிமன்றம் குற்றத்தை ட்ரையன் மேல்தான் வைத்தது. மார்க்கம் தன் சந்தேகத்தை முழுதாகக் கேட்டிருக்கலாமே என்று வருந்தியது. அதே மூச்சில், தலைவர் நேரில் இருந்து இட்ட ஆணையை நிறைவேற்றியவரைக் குறை சொல்வது கடற்படைக்கே கேடு என்றும் எழுதியது. இந்த இரண்டு வரியையும் நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எனக்கு இன்றுவரை மார்க்கத்தின் மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன், ஓர் இரவுப் பயிற்சி. மூன்று லாரிகளோடு வறண்ட ஆற்றைக் கடக்க வேண்டும். முதல் லாரியின் ஓட்டுநர் என்னைவிட வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். இறங்கிப் போய் மணலில் ஒரு கம்பை ஊன்றினார். அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்து அதிகாரியிடம் கொண்டுவந்து நீட்டினார். நான் டார்ச் அடித்தேன். நுனியில் ஒரு சாணுக்கு மணல் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, ஈரம் சொட்டியது. "சார், அடியில் ஊறிக் கிடக்கிறது. மேலே ஒரு மைல் போனால் பாறைத் தரை" என்றார். அதிகாரி கம்பைப் பார்க்கவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இல்லை, ஏறு" என்றார். ஓட்டுநர் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

மூன்று லாரியும் அச்சு வரை புதைந்தன. அதிகாரி என் பக்கம் திரும்பி, "கடந்துவிட்டோம் என்று அனுப்பு" என்றார். கால் மணி நேரத்தில் இழுத்துவிடலாம் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், அது பொய்ச் செய்தி. அனுப்பினேன். விடியும் வரை தள்ளினோம், தோண்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. மேலிடத்தின் வரைபடத்தில் எங்கள் மூன்று லாரிகளும் அக்கரையில் நின்றுகொண்டிருந்தன. அதை நம்பி அவர்கள் அடுத்த ஆணை போட்டார்கள், அதை நம்பி வேறொரு குழு கிளம்பியது. பயிற்சி என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை அனுப்பியவன் நான். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

அந்த ஓட்டுநரோடு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வேலை செய்தேன். அவர் மறுபடி எந்த ஆற்றிலும் கம்பு ஊன்றி நான் பார்க்கவில்லை. போ என்றால் போவார், நில் என்றால் நிற்பார். எங்கள் அதிகாரிக்கு அவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

தொழிற்சாலைக்கு வந்த பிறகு வேறு விதமாக இதையே பார்த்தேன். ஷிப்ட் முடியும்போது பழுதுகளை எழுதிவைக்க ஒரு லாக் புக் உண்டு. புதிதாக வந்த ஒரு நிர்வாகி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஒரே புகார்ப் புராணம், படிப்பவர்களுக்கு உற்சாகமே போய்விடும்" என்றார். தடை ஒன்றும் போடவில்லை, சலித்துக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பக்கத்துக்குப் பக்கம் "குறை எதுவும் இல்லை" என்றே இருந்தது. குளிர்நீர் பம்ப்பின் பேரிங் அரைத்துக்கொண்டு கத்துவது வாசல் வரை கேட்கும், புத்தகத்தில் குறை எதுவும் இல்லை. தண்டு முறிந்து எல்லாம் நின்ற அன்று, "ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார், பாவம்.

1941 டிசம்பர் கடைசியில், ஜப்பானியப் படை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டன் வசம் இருந்த சிங்கப்பூரிலும் இதே பேச்சுதான் நடந்தது. வட கரையில் தற்காப்பு அரண்கள் கட்ட ஆளும் பொருளும் இருக்கின்றன, அனுமதி கொடுங்கள் என்று தலைமைப் பொறியாளர் சிம்சன் தளபதி பெர்சிவலிடம் மன்றாடினார். அரண் கட்டினால் படையினரும் மக்களும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று பெர்சிவல் மறுத்துவிட்டார். ஜப்பானியர் அந்த வடக்கிலிருந்துதான் நீரிணையைக் கடந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்தவர்கள் சுமார் 80,000 பேர். வந்த ஜப்பானியப் படை அதில் பாதிகூட இல்லை.

நீ ஆணை எழுதும்போது இன்னொன்றையும் மனதில் வை. 1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்ளாவா. பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் போர். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் மேட்டின் மேல் இருந்தார். எதிரி பீரங்கிகளை இழுத்துப் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "விரைந்து முன்னேறித் தடுக்கவும்" என்று எழுதி அனுப்பினார். கீழே பள்ளத்தில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். ஆணை கொண்டுவந்தவர் பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டிக் காட்டினார். சுமார் 670 குதிரை வீரர்கள் தவறான பள்ளத்தாக்கில், நேராகப் பீரங்கி வாய்க்குள் போனார்கள். உனக்கு இப்போது மேட்டிலிருந்து நிறையத் தெரியும். அந்தப் பையன் இருப்பது பள்ளத்தில். அவன் கண்ணுக்குத் தெரிவது உனக்குத் தெரியாது என்பதும் உண்மைதானே?

எதிர்த்துப் பேசுகிறவன் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. குண்டு விழும்போது விவாதம் கூடாது, ஆணை என்றால் ஆணை. பட்டாளத்தில் இருந்தவன் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உன் அட்டவணைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்றாய். இது கேட்டுக்கொள்ள நேரம் உள்ள வேலை. அவன் குரலில் பணிவு குறைவாக இருந்திருக்கலாம். அதைப் பிறகு ஒரு நாள் தனியாகச் சொல்லித் திருத்தலாம், நீயும் அந்த வயதில் மெதுவாகப் பேசியவள் இல்லை. முதலில் அவன் கையில் இருந்த கம்பை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும் அம்மா.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அட்டவணையை எடுத்துக்கொண்டு அவன் மேசைக்கு நீயே போ, உன் அறைக்கு அவனைக் கூப்பிடாதே. கடைசி வாரத்தில் எது எதன் மேல் விழுகிறது என்று பேனாவால் காட்டச் சொல். அவன் கணக்கு தப்பு என்றால் எங்கே தப்பு என்று காட்டு, அவனும் கற்றுக்கொள்வான். சரி என்றால் அட்டவணையை மாற்றிவிட்டு, இதைச் சொன்னது இவன்தான் என்று அடுத்த கூட்டத்தில் அதே பதினேழு பேர் முன்னால் சொல். உட்காரச் சொன்னது அவர்கள் முன்னால்தானே. அன்று வாயைத் திறக்காமல் இருந்த அந்தப் பதினேழு பேரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியுமோ?

நீ கெட்டிக்காரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் பயப்படுகிறேன்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் அல்லவா, மற்றதெல்லாம் பிறகு பேசலாம், அவன் கணக்கு சரியா தவறா என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா