தமிழும் வேண்டும், ஒடியாவும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வளரும் நம் பேரப்பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்று கவலைப்படாத வீடு இல்லை. என் அக்கா பேரன் நியூஜெர்சியில் இருக்கிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அக்கா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதே கவலையோடு ஒரு தாய் எங்கள் பக்கத்து லைன் வீட்டிலேயே இருக்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

ஓசூரில் சிப்காட்டை ஒட்டி எங்கள் வீடு. அவர்கள் ஒடிசாக்காரர்கள். அப்பாவுக்கு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மகளுக்கு 14 வயது. தெருவுக்கெல்லாம் அவள் 'இந்திக்காரப் பொண்ணு'. ஆனால் அவள் மொழி ஒடியா. அதற்குத் தனி எழுத்து உண்டு. தமிழ் 2004இல் பெற்ற செம்மொழி தகுதியை அது 2014இல் பெற்றது.

போன ஆடியில் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் தமிழில் கேட்பதை இவள் அம்மாவிடம் ஒடியாவில் கேட்டு, பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும். மாதவிலக்கு பற்றிக் கேட்டதும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். தமிழில் அந்த வார்த்தை தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கக் கூச்சம். என் கையைப் பிடித்துக்கொண்டாள், சில்லென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையில் பேனாவால் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

குடும்பத்துக்கே வாயாக இருக்கிற இந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். தெருவில் அம்மா ஒடியாவில் கூப்பிட்டால் கோபம் வருகிறது. பகாளா கொண்டுபோக மாட்டேன் என்கிறாள். பகாளா வேறொன்றுமில்லை, நம் பழைய சோறுதான்.

சின்னப் பிள்ளைகள் தெருவில் விளையாடியே தமிழைப் பிடித்துக்கொள்வார்கள். 13, 14 வயதில் வருகிறவர்கள் பாடுதான் கஷ்டம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் 'அ' எழுதப் பழகாத பிள்ளை எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை என்ன செய்யும்? அதே சட்டம் சொல்லும் சிறப்புப் பயிற்சியை மொழிக்கும் சேர்த்து இவர்களுக்குத் தர வேண்டும்.

அதற்காக வீட்டு மொழியை விட்டுவிடச் சொல்லக் கூடாது. ஜான் பெர்ரி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களின் பதின்வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சொந்தப் பண்பாட்டையும் வந்து சேர்ந்த ஊர்ப் பண்பாட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர்களே மனசளவிலும் பள்ளியிலும் நன்றாகத் தேறினார்களாம். ஓசூர்க்காரர்களுக்கு இது புதுசா? எங்கள் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்றுதான் நான் வளர்ந்தேன். என்னை யாரும் எதையும் விடச் சொல்லவில்லை.

12 வயதுக்கு மேல் வந்து சேரும் பிள்ளைகளுக்கென்று மாலையில் ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பைக் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகம் தொடங்க வேண்டும். அப்புறம், ஆஸ்பத்திரியில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல், ஒடியாவும் இந்தியும் தெரிந்த பெரியவர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். வகுப்புக்கு இடமில்லை என்றால் எங்கள் மாடி காலியாகத்தான் இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுத்து சொல்லித்தர நானும் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓசூர்.