ஆண்டறிக்கை: ரோமானியப் படைகளும் குளிர்காலமும்

அவைத் தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் வரலாற்று வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். பலவற்றைப் பேசி, ரோமானியப் படையெடுப்புகளைக் குளிர்காலம் எப்படியெல்லாம் ஆட்டிவைத்தது என்பதை எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு மாதத்துக்கு இது தாங்குமா என்று சிலர் ஐயப்பட்டார்கள். தாங்கியது, மிச்சமும் இருக்கிறது. மாதக் கூட்டங்கள் நூலகத்தின் மாடி அறையில் வழக்கம்போல நடந்தன. மழையால் ஒரு கூட்டம் மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.

முதல் கூட்டங்களில் நாட்காட்டியைப் பார்த்தோம். பழைய ரோமில் படைவீரன் என்றால் விவசாயி. மார்ச்சில் ஆயுதம் எடுப்பான், இலையுதிர் காலத்தில் விதைக்க ஊர் திரும்புவான். அக்டோபர் 19 அன்று ஆயுதங்களைத் தூய்மை செய்து எடுத்துவைக்க ஒரு சடங்கே இருந்தது. இந்த வழக்கம் உடைந்த இடம், ரோமுக்கு அருகிலிருந்த எதிரி நகரமான வேயியின் முற்றுகை. கி.மு. 403இல் முதன்முறையாக வீரர்களை ஊருக்கு அனுப்பாமல், முற்றுகைக் களத்திலேயே குளிர்காலக் குடில்கள் கட்டித் தங்கவைத்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. ரோமில் மக்கள் பிரதிநிதிகள் கொதித்தெழுந்தார்கள். இனி இளைஞர்களுக்கு வீடும் இல்லை, வாக்கும் இல்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சம்பளம் வாங்குகிறவன் ஆண்டு முழுக்க நிற்க வேண்டியதுதானே என்று மறுதரப்பு கேட்டது. நிரந்தரப் படை என்பதன் விதை இந்தச் சண்டையில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

ஜனவரி 1 பற்றிய செய்தி பலருக்கும் புதிது. அதுவரை மார்ச் 15இல் பதவியேற்றுவந்த கான்சல்கள், அதாவது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோமின் தலைமை அதிகாரிகள், கி.மு. 153இல் ஜனவரி 1க்கு மாறினார்கள். ஸ்பெயின் போருக்குத் தளபதி நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதே காரணம். அப்படி முந்திக்கொண்டு போன கான்சல் நொபிலியர், அந்த ஆண்டு முடிவில் ஸ்பெயினின் நுமாந்தியா நகர் அருகே பனியில் மாட்டிக்கொண்டார். விறகு பொறுக்கப் போனவர்கள் வெளியே செத்தார்கள். பாசறைக்குள் இருந்தவர்கள் நெரிசலிலும் குளிரிலும் செத்தார்கள்.

அடுத்தது வட இத்தாலியின் டிரேபியா ஆறு. கி.மு. 218 டிசம்பரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் குதிரைவீரர்கள் விடியலில் வந்து சீண்ட, ரோமானிய கான்சல் செம்ப்ரோனியஸ் தன் படையைக் காலை உணவுகூடக் கொடுக்காமல் மார்பளவு நீரில் இறக்கினார். அக்கரையில் காத்திருந்தவர்கள் சாப்பிட்டு, நெருப்பருகே உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். ரோமானியரில் சுமார் 10,000 பேர் மட்டும் எதிரி அணியைப் பிளந்துகொண்டு அருகிலிருந்த பிளசென்சியா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர் நடத்திய வரைபட வகுப்பை இங்கே தனியே குறிப்பிட வேண்டும். பனி ஒருபுறம் இருக்கட்டும், குதிரையும் கோவேறு கழுதையும் எதைத் தின்னும் என்று அவர் கேட்டார். எட்டுப் பேர் தங்கும் ஒரு கூடாரத்துக்கு ஒரு கழுதையாவது வேண்டும். வசந்தத்தில் புல் முளைக்கும் வரை அத்தனை வாய்களுக்கும் தீவனத்தைச் சேர்த்துவைத்தாக வேண்டும். கடல் வழியாகக் கொண்டுவரலாம் என்றால், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கப்பல் போக்குவரத்துக்குக் கடல் மூடப்பட்டது என்கிறார் ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெகேசியஸ். இந்த ஒரு கேள்விக்குப் பிறகு நாங்கள் படித்ததெல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது.

அதனால்தான் கி.மு. 54ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்கு அதிக நேரம் ஒதுக்கினோம். அந்த ஆண்டு காலியாவில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது. ஒரே வட்டாரம் அத்தனை பேருக்கும் சோறு போட முடியாது என்பதால் சீசர் தன் லெஜியன்களை, அதாவது பெரும் படைப்பிரிவுகளை, பிரித்துத் தனித்தனி ஊர்களில் தங்கவைத்தார். சபினஸ், கோட்டா என்ற இரு தளபதிகளின் படை பாசறைக்கு வந்து சுமார் பதினைந்து நாளில், அந்த வட்டாரப் பழங்குடியான எபுரோன்களின் தலைவன் அம்பியோரிக்ஸ் தாக்கினான். பிறகு நண்பனைப் போலப் பேசினான்: காலியா முழுக்கக் கிளர்ச்சி, ஜெர்மானியர் ரைன் நதியைக் கடந்துவிட்டார்கள், இப்போதே கிளம்பினால் வழிவிடுகிறேன் என்றான். உள்ளே நள்ளிரவு வரை வாக்குவாதம். இருக்கலாம் என்றார் கோட்டா, போகலாம் என்றார் சபினஸ். சபினஸ் பக்கம் சாய்ந்தது முடிவு. மூட்டை முடிச்சுகளோடு நீண்ட வரிசையாக விடியலில் கிளம்பிய பதினைந்து கோஹோர்ட்டுகளும் (ஒரு லெஜியனில் பத்து கோஹோர்ட்) ஒரு பள்ளத்தாக்கில் அழிந்தன. கோடையில் கருகிய பயிர்தான் அந்தப் பள்ளத்தாக்குக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே குளிர்காலத்தில் நெர்வியர் என்ற இன்னொரு பழங்குடியின் நாட்டில் முற்றுகைக்குள்ளான சீசரின் தளபதி குவிண்டஸ் சிசரோ மட்டும் கோட்டையை விட்டு நகரவில்லை. ஒரே இரவில் சுமார் 120 மரக் கோபுரங்களை எழுப்பினார்கள். ஏழாம் நாள் பெருங்காற்று வீசியபோது, எதிரிகள் பழுக்கக் காய்ச்சிய களிமண் உருண்டைகளைக் கவணில் வைத்து வைக்கோல் கூரைகள் மீது எறிந்தார்கள். குளிருக்காகப் போட்ட கூரைகளே தீப்பிடித்தன. தங்கள் உடைமையெல்லாம் எரிவது தெரிந்தும் மதில்மேல் நின்ற வீரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்று சீசர் எழுதுகிறார். உதவி வருகிறது என்று சீசர் கிரேக்க எழுத்தில் எழுதியனுப்ப, தூதன் ஈட்டியில் கட்டி எறிந்த கடிதம் ஒரு கோபுரத்தில் குத்தி நின்று, இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் நாள்தான் ஒரு வீரன் பார்த்தான். சீசர் சுமார் 7,000 பேரோடு வந்து மீட்டபோது, காயம்படாதவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்தப் பகுதியை வாசித்து முடித்தபின் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கி.பி. 50களின் பிற்பகுதியில் அர்மீனியாவில் ரோமானியத் தளபதி கார்புலோ நடத்திய குளிர்காலத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. சிரியாவின் சுகத்தில் ஊறிய படையைத் தேற்றுவதற்காக அவர் அதைத் தோல் கூடாரங்களிலேயே வைத்திருந்தார். கூடாரம் அடிக்க உறைந்த தரையைத் தோண்ட வேண்டியிருந்தது. காவல் நின்ற இடத்திலேயே சிலர் விறைத்து இறந்தார்கள். விறகுக் கட்டு சுமந்த ஒரு வீரனின் கைகள் விறைத்துச் சுமையோடு ஒட்டி, கைகளே கழன்று விழுந்தன என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிடஸ். கார்புலோவும் தலையில் எதுவும் போடாமல், மெல்லிய உடையோடு வீரர்களிடையே நடமாடினார். ஓடிப்போனவனுக்கு முதல் தடவையே மரண தண்டனை. அந்தப் படைதான் பிறகு அர்மீனியத் தலைநகர் அர்தாக்சாதாவைப் பிடித்தது என்பதால் அவர் செய்தது சரியே என்று சிலர் வாதிட்டார்கள். என்னால் ஒப்ப முடியவில்லை. கையிழந்தவனுக்கு அந்த வெற்றியால் என்ன பயன்?

உறைந்த ஆறுகளுக்கு ஒரு கூட்டம் ஒதுக்கினோம். ரோமின் எல்லைக்காவல் ரைன், டான்யூப் நதிகளை நம்பியிருந்தது. அவை உறைந்தால் மதில் இடிந்ததற்குச் சமம். பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸ் காலத்தில் டான்யூப் பனிக்கட்டி மீதே, ஆற்றுக்கு அப்பாலிருந்த இயாசிகர் என்ற இனத்தாரின் குதிரைப்படையோடு சண்டை நடந்தது. வழுக்காமலிருக்க வீரர்கள் கேடயத்தைக் கீழே வைத்து ஒரு காலை அதன்மேல் ஊன்றி நின்றார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் டியோ. கி.பி. 357 டிசம்பரில் மியூஸ் ஆற்றங்கரையில் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரை, பின்னாளில் பேரரசரான ஜூலியன் முற்றுகையிட்டபோது, அவர்கள் பனிமேல் நடந்து தப்பாமலிருக்க இரவெல்லாம் படகுகளை ஓட்டிப் பனியை உடைத்துக்கொண்டே இருந்தார். 54 நாள் கழித்து அவர்கள் பசியால் சரணடைந்தார்கள்.

கடைசிக் கூட்டத்தில், பிரிட்டனின் வடக்கெல்லையில் இருந்த விண்டோலண்டா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கடிதங்களின் படங்களைத் திரையில் பார்த்தோம். அந்தக் கோட்டையில் இருந்த ஒருவருக்குக் காலுறைகளும், செருப்பும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதாக ஒரு கடிதம் சொல்கிறது. இன்னொரு பலகையில் இரண்டு தெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக் காசு) மிளகு வாங்கிய கணக்கு இருக்கிறது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய மிளகு அந்தக் குளிர்க் கோட்டைவரை போயிருக்கிறது என்று கண்டபோது எல்லோரும் மகிழ்ந்து கைதட்டினார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தணிக்கை முடிந்துவிட்டது, பாக்கி ஏதுமில்லை. உறுப்பினர் சந்தாவை உயர்த்த வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. அறையை இலவசமாகத் தந்த நூலகருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிரதி எடுத்துத் தந்த நண்பருக்கும் வட்டம் நன்றி சொல்கிறது.

வரும் ஆண்டுக்கு ரோமானியப் படைகளின் தானிய வழங்கலை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ரைன் எல்லைவரை கோதுமை எப்படிப் போனது என்பதற்கான குறிப்புகளைத் திரட்டத் தொடங்கிவிட்டோம். வேறு தலைப்பு சொல்ல விரும்புகிறவர்கள் இன்றே எழுதித் தரலாம். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்