ஏட்டு வடை தின்ற காட்சி அப்படியே இருக்கும், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

நாவலின் இரண்டாம் பதிப்பு இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. எந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்லி ஆள்மேல் ஆளாக அனுப்பினீர்களோ, அதை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இதை நீங்கள் மூன்றாம் மனிதர் வாயால் கேட்கக் கூடாது. நம் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால், அந்தக் காட்சி எந்த வழக்கில் நடந்தது, இறந்தவர் யார் என்பதை இங்கே தொடப்போவதில்லை.

குறுக்குத்துறை ஆற்றுப் படியில் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை நான் வாசித்தபோது, என்னுடைய ஏட்டு பிணத்தைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நீதியைப் பற்றிப் பேசினார். நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். "எய்யா, பொணத்தப் பாத்த ஒடனே எந்த ஏட்டும் வசனம் பேச மாட்டான். மொதல்ல நெழல் எங்க இருக்குன்னுதான் பாப்பான்."

என் நோட்டை வாங்கி முழங்கால்மேல் வைத்து, கைக்குட்டையை நான்காக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்தீர்கள்; வியர்வை பட்டு எழுத்து கலங்கினால் கோர்ட்டில் யார் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்கீழ் பிரேத விசாரணை என்றால் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் இருவராவது உடனிருக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்து என்றதும் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவர்களைத் தேடிப் பிடித்து, எஸ்.ஐ. சொல்லச் சொல்லக் காயங்களை ஒவ்வொன்றாக எழுதி முடிப்பதற்குள் உச்சி வெயில் சாய்ந்துவிடும். நிழல் அதற்காகத்தான். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னீர்கள்: "அன்னைக்குப் பசி தாங்கல. வடை வாங்கியாரச் சொல்லி, பொணத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுத் தின்னேன்."

அந்த ஒரு வரியில்தான் என் ஏட்டு மனிதரானார். துப்பறியும் கதையில் எல்லோரும் கொலைக்காகவே பிறந்தவர்கள்போல நடமாடுவார்கள். சாட்சி சாட்சி சொல்லவே வருவார், வேலைக்காரர் சந்தேகப்படவே வருவார். கதைக்குத் தேவைப்படாத ஒன்றை ஒருவர் செய்யும்போதுதான் வாசகர் அவரை நம்பத் தொடங்குகிறார். வடை கொலைகாரனைக் கண்டுபிடிக்க உதவவில்லை. ஆனால் திரும்பிய அந்த முதுகு, எத்தனை பக்கம் வசனம் எழுதியிருந்தாலும் சொல்ல முடியாத கூச்சத்தைச் சொல்லிவிட்டது. தின்றதை எடுத்துவிட்டால் முதுகைத் திருப்பியதும் போய்விடும். உங்களை ஈரமில்லாதவராகக் காட்டிவிட்டேன் என்று நீங்கள் சொல்லியனுப்பிய நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணாச்சி. அந்த வேதனைக்காக உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்பேன்; ஆனால் அந்த ஈரத்தை வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கோபமும் இருக்கிறது. கொலைகாரனை நான் வெறும் முரடனாக எழுதியபோது, அவனுக்கும் ஒரு வீடு உண்டு, அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போவான் என்று வாதாடியவர் நீங்கள்தானே? அவனுக்கு அத்தனை சலுகை வாங்கிக்கொடுத்துவிட்டு, ஏட்டுக்கு மட்டும் பசியே கூடாது என்பது என்ன நியாயம்? நீங்கள் திருத்தி அனுப்பிய பக்கங்களில் அவர் நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிறார். கோவில் வாசல் சிலையைக்கூட அதைவிட எளிதாக நம்பிவிடலாம்.

உங்களுக்காகச் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். ஆற்றங்கரையைக் கல்குவாரியாக மாற்றிவிட்டேன். ஏட்டின் வயதையும் குடும்பத்தையும் மாற்றிவிட்டேன். நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயர் இல்லை. 2024 ஜூலை முதல் 174க்குப் பதில் புதிய சட்டத்தின் 194 வந்துவிட்டதே, மாற்றவில்லையா என்று ஒருவர் கேட்டார். கதை 1990களில் நடப்பதால் அதைத் தொடவில்லை. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த நாவலில் ஒரு பெண் காவலர் இரவெல்லாம் பிணவறை வாசலில் காவல் இருக்கிறார். அந்த இரவில் அவர் எதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்க எனக்கு மனமில்லை. நீங்கள் பேசாவிட்டால் நானாகவே எழுதிவிடுவேன். அவரும் வசனம்தான் பேசுவார்.

அன்புடன்,
உங்கள் தம்பி