மலைப்பாதையில் கையைத் தூக்க வேண்டாம், தலையசைப்பு போதும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நம்மோடு கொல்லிமலைக்கு வந்த ஒரு தம்பியின் வண்டி திங்கட்கிழமை காலை பட்டறைக்கு வந்தது. கிளட்ச் லிவரின் நுனிக் குண்டு உடைந்து போயிருந்தது. ஹேண்டில்பார் இடது பக்கம் வளைந்திருந்தது. கிராஷ் கார்டில் பெயிண்ட் போய் இரும்பு பளபளத்தது. நல்லவேளை, ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

வேகமாக வந்தாயா என்று கேட்டோம். இல்லையாம். இறங்கி வரும்போது எதிரே நாலைந்து பைக்குகள் ஏறி வந்திருக்கின்றன. முதலில் வந்தவர் வணக்கமாகக் கையைத் தூக்க, இவரும் பதிலுக்கு இடது கையைத் தூக்கியிருக்கிறார். வளைவில் பொடிக்கல். அவ்வளவுதான். ஓடி வந்து தூக்கிவிட்டவர்களும் அதே நாலைந்து பேர்தான். "வணக்கம் வைக்கப் போய் விழுந்தேன்னு வீட்ல எப்படிண்ணே சொல்றது?" என்று தம்பி கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அதனால்தான் இந்த மடல். அடுத்த ரைடிலிருந்து காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கினால் யாரும் கை காட்ட வேண்டாம். தலையை லேசாக அசைத்தால் போதும். இதைச் சொன்னதும் இரண்டு பேர் முகம் சுருங்கியது. ரைடர் என்றால் கை காட்டுவதுதானே மரியாதை, வீடியோக்களில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார்கள். சரி, அந்த வீடியோ எந்த ஊரில் எடுத்தது என்று பாருங்கள். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன. எதிரே வருபவர் இடது கைப் பக்கமாகக் கடக்கிறார். நேர் ரோட்டில் கிளட்ச் பிடிக்கும் அந்தக் கைக்கு வேலை கிடையாது. தாழ்வாக இரண்டு விரலை நீட்டினாலே எதிராளிக்குத் தெரிந்துவிடும். நமக்கு எல்லாமே தலைகீழ். எதிரே வருபவர் வலது பக்கம் வருகிறார். அந்தக் கையில்தான் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. இடது கையைத் தூக்கினால் நம் உடம்பே பாதி மறைத்துவிடும். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டும் பிரிட்டனில் பெரும்பாலும் தலையசைப்போடு முடித்துக்கொள்கிறார்கள்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்து இரண்டு கையிலும் இறங்கும். ஒரு கையை எடுத்தால் மொத்தப் பாரமும் பிரேக் பிடிக்கிற கைக்குப் போகும், ஹேண்டில் ஆடும். கியர் குறைக்க அந்த நேரம் பார்த்துக் கிளட்சும் கையில் இருக்காது. இதில் எதிரே பஸ் வந்தால் வளைவு முழுவதும் அதற்குத்தான் வேண்டும். முன்கூட்டியே ஓரம் கட்டி நில்லுங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. மலையில் அதைவிடப் பெரிய வணக்கம் வேண்டாம்.

லைட் அடிக்கலாமா என்றும் கேட்டார்கள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். அது தெரியாமல் இன்னும் சிலர் எதிரே வந்து விரல்களை மூடித் திறந்து "லைட் எரியுது" என்று காட்டுவார்கள். அணைக்க சுவிட்ச் இல்லை என்று ஓடுகிற வண்டியில் எப்படி விளக்குவது? சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போங்கள். பட்டனை அழுத்தி ஹெட்லைட்டை மின்ன வைக்கும் பாஸ் லைட்டை மட்டும் வணக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். நம் ரோட்டில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்றுதான் அர்த்தம்.

எங்களைக் கேட்டால், நம் ஊரில் வண்டி ஓட்டுபவர்களின் உண்மையான வணக்கம் "அண்ணே, ஸ்டாண்டு!" என்ற குரல்தான். முன்பின் தெரியாத ஒருவர், தன் வேகத்தைக் கூட்டிப் பக்கத்தில் வந்து, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். "அக்கா, சேலை சக்கரத்துல!" என்று கத்துபவரும் அப்படித்தான். முப்பதாயிரம் ரூபாய் ஜாக்கெட் போட்டவர் மொபெட்டில் வாழைத்தார் ஏற்றி வரும் பெரியவருக்குத் தலையசைக்க மாட்டார். ஆனால் சைடு ஸ்டாண்டைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பெரியவராகத்தான் இருக்கும். அவருக்கும் தலையசையுங்கள், எங்கள் ரைடில் வருபவர்கள் கட்டாயம்.

அப்புறம், ஓரமாக நிற்கும் பைக்கைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துக் கட்டை விரலைக் காட்டிக் கேளுங்கள். அவரும் கட்டை விரலைக் காட்டினால் போய்விடலாம். கைவிரித்தால் நிறுத்துங்கள். முதலில் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சைப் பாருங்கள். போன மாதம் சேந்தமங்கலம் தாண்டி நின்றுபோன ஒரு வண்டிக்காக எங்கள் பையன் டூல்ஸ் மூட்டையோடு போனான். பிளக் கழற்றி, பெட்ரோல் பார்த்து, கடைசியில் கில் சுவிட்ச் ஆஃபில் இருந்தது. கிளவுஸ் பட்டிருக்கும். வண்டிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், நாங்கள் பில் போடவில்லை.

அடுத்த ரைடு வரும் ஞாயிறு. காலை ஐந்தரைக்குப் பட்டறை வாசலில் புறப்பாடு. டயர் காற்று சனிக்கிழமையே பிடித்துக்கொள்ளுங்கள், அன்று காலை கம்ப்ரஸர் போட்டால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். விழுந்த தம்பியும் வருகிறார். அவரிடம் லிவருக்கு மட்டும்தான் காசு வாங்கினோம்.

அன்புடன்,
உங்கள் பைக் பட்டறை, நாமக்கல்